புளியங்கொட்டைக் கணக்கு

மனக்கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளங்கை தானாக வியர்த்த காலம் ஒன்று உண்டு. நம் வயதையொத்த நேயர்கள் பலருக்கும் அது நினைவிருக்கும். உபாத்தியாயர் வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கச் சொல்வார். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவார். விடை வந்தால் உட்காரலாம்; வராவிட்டால் கையை நீட்ட வேண்டியதுதான். நம் முறை வருவதற்கு முன்பே மனம் கணக்கை விட்டுவிட்டுப் பிரம்பின் நீளத்தை அளக்கத் தொடங்கிவிடும்.

இப்போது பிரம்பு இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றிவிட்டது. மிகவும் நல்ல காரியம். ஆனால் குரலிலும் ஒரு பிரம்பு உண்டு என்பதையும், அது நம்மிடமே இருந்தது என்பதையும் சென்ற வருஷந்தான் நாம் அறிந்தோம். அந்தக் கதையையும், அதற்குப் பரிகாரமாக நம் வீட்டுக் கூடத்தில் பிறந்த ஒரு காசில்லாத விளையாட்டையும் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரும்பலகையும் பூக்கூடையும்

தை மாதத்தில் ஒரு நாள். ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடம். பின் வரிசையிலிருந்த ஒரு பெண்ணை எழுப்பி, "பதினேழும் எட்டும் எவ்வளவு?" என்று கேட்டோம். பதில் இல்லை. மறுபடியும் கேட்டோம். அவள் கரும்பலகையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு வாசற்படியைப் பார்த்தாள். "ஆறாம் வகுப்புக்கு வந்து இதுகூடவா தெரியாது?" என்று நாம் சற்று உரக்கவே சொல்லிவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்த பிறகு அன்று முழுவதும் தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போயிருந்தோம். சந்நிதித் தெருவில் அதே பெண் தன் தாயாரின் பூக்கூடைக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். தாயார் எங்கோ போயிருந்தாள் போலும். யாரோ ஓர் அம்மாள் மூன்று முழம் மல்லிகை கேட்டாள். அன்றைக்கு முழம் முப்பத்தைந்து ரூபாய். பெண் பூவை முழம் போட்டுக்கொண்டே, "நூற்றைந்து ஆச்சு அம்மா" என்றாள். அந்த அம்மாள் இருநூறு ரூபாய் நோட்டை நீட்டினாள். நோட்டு கைக்கு வந்து சேருவதற்குள், "மீதி தொண்ணூற்றைந்து" என்று சொல்லிச் சில்லறையை எடுத்துவிட்டாள். முகத்தில் சிறிதும் தயக்கம் இல்லை. நம்மைக் கண்டதும் மாத்திரம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நமக்கு அதே சிந்தனை. முப்பத்தைந்தை மூன்றால் பெருக்கி இருநூறிலிருந்து கழிக்கத் தெரிந்தவளுக்குப் பதினேழையும் எட்டையும் கூட்டத் தெரியாமலா போகும்? அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் நினைத்தோம். வராதிருந்தது கணக்கல்ல, நம் கேள்விக்கு வாய் திறக்கும் தைரியந்தான்.

இது நம் ஊரில் மாத்திரம் நடக்கும் சங்கதியன்று. பிரேஸில் தேசத்தில் ரெஸீபே என்னும் நகரத்தில் தெருவில் பொருள் விற்கும் சிறுவர்களை ஆராய்ந்து 1985-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. விற்பனையின் நடுவே கேட்ட கணக்குகளில் 100-க்கு 98 வீதம் அந்தச் சிறுவர்கள் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 100-க்கு 37 வீதந்தான் சரியாக வந்தது. 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் வேறு சிலருடன் சேர்ந்து கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளிடம் இதையே சோதித்துப் பார்த்து, 2025-இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். சந்தைக் குழந்தைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிக் குழந்தைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒரு கரையில் உள்ள அறிவு தானாக மறுகரைக்குப் போவதில்லை. பாலம் ஒன்று வேண்டும்.

திண்ணையும் முற்றமும்

மனக்கணக்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்சுவடியை நாள்தோறும் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தான். முழு எண்களோடு விட்டுவிடவில்லை. கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று கீழ்வாய் இலக்கம் முழுவதும் நாக்கில் நிற்க வேண்டும். முந்திரி என்பது ஒன்றை 320 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அவை வேண்டியிருந்தன. மணலில் விரலால் எழுதியும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தும் நம்மவர் கற்ற முறையைச் சென்னையில் கண்டு வியந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். அவர் அதை எழும்பூரில் இருந்த அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் கையாண்டு, 1797-இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். பிறகு அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு ஆங்கிலேயர் நாட்டுப் பள்ளிகளிலேயே பரவிற்று. நம்மை நாகரிகப்படுத்த வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் நம் திண்ணையிலிருந்து பாடம் எடுத்துச் சென்றார்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

ஆனால், பழமையைப் போற்றுகிறோம் என்று அதன் குற்றத்தை மறைக்கலாகாது. அந்தத் திண்ணையிலும் பிரம்பு இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற கொடுமையும் இருந்தது. பெண்களுக்கும் ஏழை எளியவர்களுக்கும் அங்கே இடம் கிடைப்பது அரிது. அப்படியானால் நம் பாட்டிமார் கணக்கை எங்கே கற்றார்கள்? முற்றத்தில் கற்றார்கள். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் குழிக்கு ஐந்தாகப் போட்ட எழுபது முத்துக்களில் எது எங்கே போய் முடியும் என்று எடுக்கும்போதே கண்டுபிடித்தார்கள். தாயக்கட்டையை உருட்டிவிட்டு, எந்தக் காயை நகர்த்தினால் எந்தக் காய் வெட்டுப்படும் என்று நொடியில் கணித்தார்கள். அவர்களை யாரும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. ஆட்டம் கேட்டது, அவர்கள் பதில் சொன்னார்கள்.

விளையாட்டு பிறந்த கதை

பங்குனி மாதம். வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கிப் போட்டு, நம் அத்தை கூடத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நம் குழந்தைகள் இருவரும், பத்து வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும், கொட்டைகளைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் ஒருவர் கையில் ஒருவர் வைத்து அலறிக்கொண்டிருந்தார்கள். நாமும் நம் சிறு வயதில் செய்த விஷமந்தான்.

"வீணாய்த் தேய்க்கிறீர்களே, ஒரு பக்கம் வெள்ளையாகும்படி தேய்த்தால் தாயத்துக்கு ஆகுமே" என்றாள் அத்தை. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்று இரவே சாக்கட்டியால் தரையில் கட்டம் போட்டோம். சில நாட்களில் விதிகள் ஒருவாறு திரண்டன. அவற்றை இங்கே கொடுக்கிறோம்.

வேண்டியவை: ஐந்து புளியங்கொட்டைகள், ஒரு கொட்டாங்கச்சி, சாக்கட்டி அல்லது கோலமாவு. நான்கு கொட்டைகளை மாத்திரம் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஐந்தாவது கொட்டையைத் தேய்க்காமல் விட்டுவிட வேண்டும். இரு பக்கமும் கறுப்பான அந்தக் கொட்டைக்குக் 'கள்ளன்' என்று பெயர்.

கட்டம்: சாண் அகலமுள்ள ஒன்பது கட்டங்கள், மூன்று வரிசையாக. மேல் வரிசையில் 2, 7, 6. நடு வரிசையில் 9, 5, 1. கீழ் வரிசையில் 4, 3, 8. கட்டத்திலிருந்து மூன்று அடி தள்ளி ஒரு கோடு. ஆடுகிறவர் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியில் கொட்டைகளைக் குலுக்கி வீச வேண்டும். வெளியே விழுந்த கொட்டைக்கு ஒன்றும் இல்லை. கோட்டின்மேல் விழுந்ததை மறுபடி போடலாம்.

முதற்படி: கறுப்பு வெள்ளை பார்க்க வேண்டாம். ஐந்து கொட்டைகளும் விழுந்த கட்டங்களின் எண்களைக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பையனுக்கு இது போதும்.

இரண்டாம் படி: கள்ளன் விழுந்த கட்டத்தின் எண்ணைக் கழிக்க வேண்டும். மற்ற நான்கும் கூடும்.

மூன்றாம் படி: தேய்த்த கொட்டை வெள்ளையாக விழுந்தால் அந்தக் கட்டத்தின் எண் இரட்டிக்கும். கள்ளன் வழக்கம்போல் கழிப்பான்.

வீச்சுக்கு வீச்சு தொகையைச் சேர்த்துக்கொண்டு போய், சரியாக 100-ஐ முதலில் தொடுகிறவருக்கு வெற்றி. தாண்டினால், தாண்டிய அளவு பின்னால் வர வேண்டும். 93-இல் இருப்பவருக்கு 16 விழுந்தால் 109; ஆகவே அவர் 91-க்கு இறங்குவார். இன்னொரு விதிதான் இவ்வாட்டத்தின் உயிர்: வீசினவர் தொகையைத் தவறாகச் சொல்லி, எதிராளி அதைக் கண்டுபிடித்துச் சரியான தொகையைச் சொன்னால், எதிராளிக்கு ஐந்து கூடும். வீசினவருக்குத் தண்டனை இல்லை. சரியான தொகையே அவருக்கும் சேரும். இதனால் தன் முறை வராத குழந்தையும் ஒவ்வொரு வீச்சையும் கூட்டிக்கொண்டேயிருக்கும்.

ஓர் உதாரணம் சொல்லுவோம். இரண்டாம் படி ஆட்டத்தில் நான்கு கொட்டைகள் 7, 4, 8, 6 ஆகிய கட்டங்களில் விழுந்தன. கள்ளன் 9-இல் விழுந்தான். நாம் பட்டதாரி ஆயிற்றே! ஒழுங்காக ஏழும் நான்கும் பதினொன்று, எட்டு சேர்ந்தால் பத்தொன்பது, ஆறு சேர்ந்தால் இருபத்தைந்து, ஒன்பது போனால் பதினாறு என்று படியேறி இறங்கினோம். அதற்குள் நம் பெண் "பதினாறு" என்று சொல்லிவிட்டாள். எப்படி என்று கேட்டால், "எட்டைக் கள்ளன் கொண்டு போய்விட்டான், இன்னும் ஒன்று அவனுக்குக் கொடுக்க வேண்டும். ஏழிலிருந்து அதைக் கொடுத்தால் ஆறு. நாலும் ஆறும் பத்து. பதினாறு!" என்றாள். பத்தாகச் சேருவதைச் சேர்ப்பதும், அடிபடுவதை அடிப்பதும் மனக்கணக்கின் மர்மம். இதை நாம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவசரம் சொல்லிக் கொடுத்தது.

இன்னொரு நாள் அவள் திடீரென்று கூவினாள்: "அப்பா! மூன்று கொட்டை ஒரே வரிசையில் விழுந்தால் கூட்டவே வேண்டாம், பதினைந்துதான்! குறுக்கே விழுந்தாலும் பதினைந்துதான்!" நேயர்கள் மேலே சொன்ன கட்டத்தைச் சோதித்துப் பார்க்கலாம். நாம் வேண்டுமென்றே அந்த வரிசையில் எண்களை எழுதிவிட்டுப் பேசாமலிருந்தோம். நாராயண பண்டிதர் 1356-இல் இயற்றிய 'கணித கௌமுதி'யில் இத்தகைய மாயச் சதுரங்களைப் பற்றி விரிவாகக் கூறியிருக்கிறார். கும்பகோணத்து ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களிலும் இவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் கேட்டு மறந்திருப்பாள். தானே கண்டதால் அது அவளுடைய சொத்தாயிற்று.

நாம் செய்த தவறு

ஆட்டம் இப்படிச் சிறப்பாக நடந்துகொண்டிருக்க, நமக்குள் இருந்த உபாத்தியாயர் சும்மா இருப்பாரா? பையன் விரல்விட்டு எண்ணினால், "விரலை மடக்கு" என்றோம். பெண் தாமதித்தால், "சீக்கிரம், சீக்கிரம்" என்றோம். யார் எத்தனை தவறு செய்தார்கள் என்று ஒரு குறிப்புக்கூட வைக்கத் தொடங்கினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்துக்கு வந்து பார்த்தால் கட்டம் அழிந்திருந்தது. குழந்தைகள் வாசலில் வேறு ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா, இது ஆட்டமா, பரீட்சையா?" என்று கேட்டாள் அத்தை. "குழந்தை விரல்விட்டு எண்ணினால் உனக்கு என்ன குடி முழுகிப் போகிறது? தோற்கத் தோற்க விரலைத் தானே விட்டுவிடும். நீ உட்காருவதானால் ஆடுகிறவனாய் உட்கார், வாத்தியாராய் உட்காராதே."

பட்டமும் பயிற்சியும் நமக்குச் சொல்லாத வார்த்தை இது. அன்று முதல் நாமும் ஒரு ஆட்டக்காரராகவே உட்கார்ந்தோம். நாமும் தவறு செய்தோம், பையனிடம் ஐந்து ஐந்தாகக் கொடுத்தோம். தகப்பனாரின் தவற்றைப் பிடித்த குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அவன் விரல்களும் ஒரு மாதத்தில் தாமாகவே ஓய்ந்தன.

பிறகு அத்தையும் ஆட்டத்தில் சேர்ந்தாள். அவளுக்கென்று தனிக் கட்டம்: வீசம், அரைக்கால், கால், அரை, முக்கால், ஒன்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வரும்வரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஒரு ரூபாயில் வீசம் என்றால் ஓரணா. அப்போது பள்ளிச் சிறுமியாக இருந்த அத்தைக்கு அது இன்னும் மறக்கவில்லை. முக்காலும் அரைக்காலும் வீசமும் விழுந்தால், "பன்னிரண்டணா, இரண்டணா, ஓரணா, ஒன்றுக்கு வீசம் குறைவு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். பின்னங்களைக் கண்டு நடுங்கும் நம் பெண், பகுதியைச் சமமாக்குவது என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான் என்று அப்போதே புரிந்துகொண்டாள்.

பாலம்

ஆனி மாதம் பள்ளி திறந்தது. பூக்காரியின் பெண் ஏழாம் வகுப்புக்கு வந்திருந்தாள். நாம் வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. பகல் உணவு வேளையில் தாழ்வாரத்தில் கட்டம் போட்டுவிட்டு, நான்கு பிள்ளைகளோடு ஆட உட்கார்ந்தோம். முதல் வாரம் அவள் தூணருகில் நின்று பார்த்தாள். இரண்டாம் வாரம், வகுப்பில் முதலாக வரும் பையன் ஒருவன் தொகையைத் தவறாகச் சொன்னபோது, தூணருகிலிருந்து "முப்பத்தொன்று" என்ற குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "வா, இனி நீ வீசு" என்றோம்.

பிறகு அவளை வெல்ல வகுப்பில் ஆள் இல்லை. இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, ஒருநாள் வகுப்பில் அவளை ஒரு கூட்டல் கேட்டோம். மறுபடியும் பழைய மௌனம்! நமக்கு மனம் சோர்ந்துவிட்டது. ஆனால் இம்முறை அவள் வாசற்படியைப் பார்க்கவில்லை. நம்மைப் பார்த்து மெல்லிய குரலில், "கொட்டை விழுந்த மாதிரி சொல்லுங்கள், ஸார்" என்றாள்.

"சரி, நீ நாற்பத்தேழில் இருக்கிறாய். பதினெட்டு விழுந்தது."

"அறுபத்தைந்து" என்றாள் உடனே.

அன்றுதான் பாலத்தை எப்படிக் கட்டுவது என்று நமக்கு விளங்கிற்று. அதன் பின் ஒவ்வோர் ஆட்டத்திலும், வாயால் தொகையைச் சொன்ன பிறகு, விழுந்தபடியே அதை எழுதிவிட வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தோம். கூடுவதற்குக் கூட்டல் குறி, கள்ளனுக்குக் கழித்தல் குறி, இரட்டிப்புக்குப் பெருக்கல் குறி. முதலில் ஆட்டம், பிறகு எழுத்து. ஒருபோதும் மாற்றிச் செய்யலாகாது. சில வாரங்களில் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் உள்ள குறிகள் தாங்கள் வீசிய கொட்டைகளாகவே தெரிந்தன. அரையாண்டுப் பரீட்சையில் அந்தப் பெண் முதலாக வந்தாள் என்று எழுத நமக்கு ஆசைதான், அப்படி நடக்கவில்லை. நடுத்தரமாகத் தேறினாள். ஆனால் இப்போது கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிறாள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்கிறாள். நமக்கு அது போதும்.

தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும்

கைப்பேசி நொடியில் கூட்டித் தரும்போது மனக்கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு, கைதவறிப் பன்னிரண்டாயிரத்து நானூறு என்று கடைக்காரர் தட்டினால், அது தப்பு என்று யந்திரம் சொல்லாது. மனந்தான் சொல்ல வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்குகிறவனும், கூலியை எண்ணி வாங்குகிறவளும், அரசாங்கத்தின் வரவு செலவைப் படிக்கும் பிரஜையும் ஏமாறாமலிருக்க வேண்டுமானால் தலைக்குள் ஒரு தராசு வேண்டும். 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழில் மூலமாகவே கல்வி என்ற திட்டத்தை வைத்தார். தக்ளியில் நூற்கும் குழந்தை அந்த நூலைக்கொண்டே கணக்கும் கற்கலாம் என்பது அவர் கருத்து. நம் கையில் உள்ள எளிய பொருளே நமக்கு ஆசான் ஆகும் என்ற அந்த உண்மை தக்ளிக்கு மாத்திரமா? புளியங்கொட்டைக்கும் பொருந்தும்.

விலை கொடுத்து வாங்கும் அயல்நாட்டு விளையாட்டுப் பெட்டிகளை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துப் புளிப்பானையிலேயே ஒரு கணக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்போது, காசில்லாத வீடு என்று எந்த வீடும் ஏங்க வேண்டியதில்லை. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஐந்து கொட்டைகளை எடுத்துக் குழந்தைகளிடம் கொடுங்கள். தேய்ப்பதையும் அவர்களே தேய்க்கட்டும். ஒருவர் கையில் ஒருவர் சூடு வைத்துக்கொண்டு சிறிது அலறட்டும். நீங்களும் தரையில் உட்காருங்கள். அத்தை சொன்ன ஒன்றை மாத்திரம் மறவாதீர்கள்: வாத்தியாராய் உட்காராதீர்கள்.